நூறடி தள்ளி

தளவாயின் உப்பு லாரிக்கு வருஷச் சோதனை வந்துவிட்டால் அவன் தங்கை வடிவுக்கு அன்று வேறு வேலை ஓடாது. தூத்துக்குடிப் புறவழிச் சாலையில் அவள் பட்டறை. லாரிக் கூரைமேல் ஏறி உட்கார்ந்து மஞ்சள் எச்சரிக்கை விளக்கைக் கழற்றினாள். உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்த முனைகளைச் சுரண்டிவிட்டு, புதுக் கேபிள் இழுத்தாள். தகடு அறுத்துவிடாமல் துளைக்கு ரப்பர் வளையம், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், எர்த்துக்குப் பெயின்ட் சுரண்டிய சுத்தமான இடம். அவள் வேலையென்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று ஊரே சொல்லும்.

"ஏட்டி, ஒரு சின்ன சுவிட்ச் வச்சுக் குடேன்," என்றான் கீழே நின்ற தளவாய்.

"ஆரம்பிச்சிட்டியா? வருஷா வருஷம் இதே பாட்டுதானா?"

"டேஷ்போர்டுக்கு அடியில, ஒருத்தனுக்கும் தெரியாம."

"சும்மா கெடண்ணே."

ஸ்டியரிங் பிடிக்கிற மனிதர்கள் அருகிப்போன காலம் அது. சாலையெல்லாம் ஓட்ட ஆள் வேண்டாத தானோடிகள்தாம். தங்களுக்குள் பேசிக்கொண்டு, முழங்கை இடைவெளியில் உரசாமல் பறக்கும். உப்பளத்து வரப்புகள் மட்டும் மழைக்கு மழை இடம் மாறும்; எந்த வரைபடத்தின் ஜம்பமும் அங்கே செல்லாது. அதனால் தளவாய் போன்ற சிலருக்கு இன்னும் பிழைப்பு இருந்தது. ஆனால் மனிதன் எப்போது எந்தப் பக்கம் திருப்புவான் என்று தானோடிக்கு எப்படித் தெரியும்? அதற்காகத்தான் ஆள் ஓட்டும் வண்டிகளுக்கு இந்த விளக்கு. அதன் சிமிட்டலைச் சென்சாரில் கண்டதுமே தானோடிகள் நூறடி விலகிவிடும். ஓட்டுநரால் அணைக்க முடியாதபடி கட்ட வேண்டும் என்பது சட்டம்.

"சட்டம் நல்லதுதான், நான் இல்லேங்கல. ஆனா ஊர்விலக்கு பண்ணி வச்ச மாதிரி இருக்குட்டி. ஒரு டீ வண்டிகூட கிட்ட வர மாட்டேங்கு," என்றான் தளவாய்.

வடிவு இறங்கி வந்தாள். "ராசையா அண்ணாச்சி விளக்க அணைச்சுட்டு ஓட்டி என்ன ஆனாரு? அவரு திடீர்னு பிரேக் அடிப்பாருன்னு பின்னால வந்த தானோடிக்குத் தெரியல. அள்ளித்தான எடுத்தோம்? எனக்குன்னு இருக்கது நீ ஒருத்தன்ண்ணே."

தளவாய் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். "சரி தாயி, ஒன் இஷ்டம்போலக் கட்டு."

அண்ணன் கை சும்மா இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால் இந்தத் தடவை கேபிளை இரும்புக் குழாய்க்குள் விட்டாள். சீட்டுக்கு அடியில் இருந்த பேட்டரியையும் ஃபியூஸையும் எஃகுப் பெட்டிக்குள் வைத்து, மூடியை ரிவிட் அடித்து இறுக்கினாள். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள்.

ஆடிக் காற்று புழுதி வாரிய ஒரு பகலில் போன் வந்தது.

"வடிவு, நெஞ்ச அடைக்குட்டி."

"ஐயோ, எங்கண்ணே இருக்க? ஆம்புலன்ஸக் கூப்பிட்டியா?"

"ஆத்துப் பாலத்துக்கிட்ட. ஆம்புலன்ஸ் வந்துட்டு. எட்டவே நிக்கு."

அவன் குரலுக்குப் பின்னால், தேன் தடவிய ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது: "உதவ வந்திருக்கிறோம். தயவுசெய்து எச்சரிக்கை விளக்கை அணையுங்கள்."

ஆம்புலன்சும் தானோடிதான். உள்ளே ஆள் கிடையாது. நோயாளியைத் தூக்க இரும்புக் கைகள்தாம் உண்டு. அதற்கு மட்டுமாவது விலக்கு வைக்கவேண்டும் என்று சட்டம் போட்டவர்களுக்கும் தோன்றவில்லை, வடிவுக்கும் தோன்றவில்லை.

"இறங்கி நடந்துரு, அண்ணே!"

"காலு வரல. இந்தப் பொட்டிய எப்படித் திறக்க?"

"திறக்க முடியாதுண்ணே. ரிவிட் அடிச்சிருக்கேன்."

மறுமுனையில் ஸ்பானரால் இரும்பைத் தட்டுகிற ஓசை வந்தது.

கட்டரைத் தூக்கிக்கொண்டு, கண்ணில் பட்ட தானோடியில் ஏறினாள். வழி நெடுக போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. தட்டுகிற ஓசை மெலிந்துகொண்டே வந்தது. "தட்டுண்ணே, விடாத, வந்துட்டேன்," என்று கத்தினாள். பாலம் தெரிந்தபோது ஓசை நின்றுவிட்டது. அவள் வந்த வண்டியும் நூறடிக்கு முன்னாலேயே நின்றது. "முன்னே ஆள் ஓட்டும் வண்டி. இதற்குமேல் செல்ல இயலாது," என்றது.

"நாசமாப் போக!" என்று குதித்து ஓடினாள். ஆம்புலன்சைத் தாண்டி, லாரியில் தொற்றிக் கூரைக்கு ஏறி, குழாய் முடிந்து விளக்கு தொடங்குகிற இடத்தில் கேபிளை வெட்டினாள். விளக்கு அணைந்தது. அவள் இறங்குவதற்குள் ஆம்புலன்ஸ் லாரியை ஒட்டி வந்து நின்றுவிட்டது. அதன் இரும்புக் கை ஜன்னல் வழியாக நீண்டு தளவாயின் கழுத்தைத் தொட்டது, சற்று நேரம் அங்கேயே இருந்தது. பிறகு மெதுவாக மடங்கிக்கொண்டது.

வடிவு கதவைத் திறந்து அண்ணன் தலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவன் விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

அண்ணன் மனைவி செல்லக்கனி ஆஸ்பத்திரி முற்றத்துக்கு வந்து சேர்ந்தபோது அழுது அழுது குரல் கட்டியிருந்தாள். வடிவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"வெளக்குனால ஆம்புலன்சு கிட்ட வரலன்னு சொல்லுதாவளே. நீ கட்டுன வயர்ல ஏதும் கோளாறா ஆயிப்போச்சா வடிவு?"

ஏதாவது ஒரு கோளாறு இருந்திருக்கக் கூடாதா என்று வடிவின் நெஞ்சு வெடித்தது.

"இல்ல மதினி," என்றாள். "ஒரு கோளாறும் இல்ல. எல்லாம் சரியாத்தான் கட்டியிருந்தேன்."