ஒரு பாட்டுக்கு இரண்டு சொந்தக்காரர்

நாரந்தனையில் சறோஜினிதேவி வீட்டுக்கு முறைப்பாட்டோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆட்டைத் தொலைத்தவர்கள், இல்லாவிட்டால் வேலிச் சண்டைக்காரர். பாட்டைப் பறிகொடுத்த ஒருத்தி வந்து நின்றது அன்றைக்குத்தான். இறுப்பிட்டி ஊர்ச் சயந்தினி. சொந்தமாக ஒரு றொக் இசைக்குழு வைத்திருப்பவள். அழுது அழுது கண் சிவந்திருந்தது.

கதவைத் திறந்த இராசநாயகத்துக்கு, சொல்லக் கூடாது, உள்ளுக்குள் ஒரே குதூகலம். அவருடைய மனைவி சறோஜினிதேவி நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பொய்யை இரண்டு மொழியிலும் கேட்டுப் பழகிய காது. ஊர்ச் சிக்கல்களைக் கதிரையில் உட்கார்ந்தபடியே அவிழ்த்துவிடுவார். ஒரே ஒருமுறையாவது தானே முந்திக்கொண்டு அவிழ்க்கவேண்டும் என்பது இராசநாயகத்தின் தீராத ஆசை.

"அன்ரி, என்ரை முதல் அல்பம் வரப்போகுது," என்றாள் சயந்தினி. "அதிலை முதலாவதா வெளிவிடுற பாட்டு 'கடைசி வள்ளம் போயிட்டுது'. வெள்ளிக்கிழமை வெளியீடு. அது தன்ரை பாட்டெண்டு றொஜன் கொழும்புக் கொம்பனிக்கு அறிவிச்சுப்போட்டான். நாளைக்குள்ளை தீராட்டி அல்பத்தையே நிப்பாட்டுவினமாம்."

"றொஜன் ஆர்?"

"எங்கடை குழுவிலை கிற்றார் வாசிச்சவன். மாசி கழியச் சண்டை பிடிச்சுக்கொண்டு போயிட்டான்."

"நீர் பாட்டை எப்ப கட்டினனீர்?"

"சிவராத்திரிக்கு. குழுவே சாட்சி. ஆனா றொஜன், தான் அதுக்கு முதலே, தைப்பொங்கலுக்கு அடுத்தநாள் பட்டிப்பொங்கல் பின்னேரம், இறுப்பிட்டி வீட்டிலை இருந்து பாடிப் பதிஞ்சதெண்டு சொல்லுறான். ஒலிப்பதிவும் அனுப்பியிருக்கிறான். திகதியும் அப்பிடித்தான் காட்டுது. பொங்கலுக்கு நான் கொழும்பிலை. அவன் சொல்லுறது பொய்யெண்டு எப்பிடிக் காட்டுறது?"

"பட்டிப்பொங்கலோ!" இராசநாயகம் வலிக்கிற இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கிழமையை மறக்கேலுமோ? இறுப்பிட்டிச் சின்னாச்சியக்கா பொங்கலண்டுதான் மோசம்போனவ. பிரான்சிலை இருந்து மகன் வருமட்டும் பிரேதம் வீட்டிலை. ஒவ்வொரு நாளும் போய் அந்தப் பிளாஸ்ரிக் கதிரையிலை இருந்து இருந்து என்ரை நாரி..."

"இஞ்சருங்கோ, பிள்ளைக்குத் தேத்தண்ணி போடுங்கோ," என்றார் சறோஜினிதேவி.

தேநீரோடு கணவர் திரும்பியபோது சயந்தினி தன் பாட்டைப் போட்டாள். தகரக் கூரையில் தேங்காய்கள் உருண்டதுபோல அது தொடங்கியது. இராசநாயகம் தேநீரைச் சிந்தினார். ஆனால் அவள் பாட ஆரம்பித்ததும், குறிகட்டுவான் துறையில் ஒருநாள் வள்ளத்தைத் தவறவிட்ட எரிச்சல் அப்படியே அவருக்குத் திரும்பி வந்தது. நல்ல பாட்டுத்தான் போலும்.

அடுத்து றொஜனின் பதிவு. அதே மெட்டு, ஒற்றைக் கிற்றார், பின்னால் கணீரென்று கோயில் மணி.

"பிள்ளையார் கோயில் மணி கேக்குது!" இராசநாயகம் துள்ளி எழுந்தார். "அப்ப இறுப்பிட்டியிலைதான் பதிஞ்சிருக்கிறான். பிள்ளை, குறை நினையாதையும், அவன்ரை கதை சரிபோலத்தான் கிடக்கு."

சயந்தினி விம்மத் தொடங்கினாள். சறோஜினிதேவி கணவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"றொஜன்ரை வீடு எவடத்திலை?"

"பிள்ளையார் கோயிலுக்கு நேரே பின்னாலை, அன்ரி."

"சின்னாச்சியக்காவின்ரை வீடும் அந்தச் சின்னத் தெருவிலைதான், அதே ஒழுங்கை," என்று இராசநாயகம் மெதுவாகச் சேர்த்தார்.

"நல்லது. அவரையும் நாளைக்குக் காலமை வரச்சொல்லும்."

மறுநாள் றொஜன் வந்தான். செருப்பெல்லாம் சேறு. இராசநாயகத்தின் மூளை விறுவிறுவென்று வேலை செய்தது. இரவு மழை பெய்ததும், தன்னுடைய செருப்பும் அதே கோலத்தில் கிடப்பதும் பிறகுதான் நினைவுக்கு வந்தன.

"தம்பி, பட்டிப்பொங்கல் பின்னேரம் எங்கை நிண்டனீர்?" என்று கேட்டார் சறோஜினிதேவி.

"வீட்டிலைதான் அன்ரி. பதிவிலை எங்கடை பிள்ளையாற்றை பூசை மணியே கேக்குதே."

"கேட்டனான். வடிவான மணி. பாட்டோடையே பதிவானதோ?"

"ஓம், பாட்டோடையே."

"ஒழுங்கையிலை அண்டைக்கு வேறை ஒண்டும் விசேஷமில்லையோ?"

"பொங்கல்தானே அன்ரி, வேறை என்ன?"

சறோஜினிதேவி கணவர் பக்கம் திரும்பினார். "இஞ்சருங்கோ, அண்டைக்குப் பின்னேரம் நீங்கள் எங்கை?"

"நான் செத்தவீட்டிலை..." இராசநாயகத்தின் வாய் திறந்தபடி நின்றது. "ஐயோ, அண்டைக்குக் கோயில் பூட்டு! ஒழுங்கையிலை பிரேதம் கிடக்க ஆர் பூசை செய்யிறது? பொங்கல் விசேஷமெல்லாம் போச்செண்டு ஐயர் சந்தியிலை சைக்கிளோடை நிண்டு புறுபுறுத்தவர். சின்னாச்சியக்காவை எடுத்த பிறகுதான் கோயில் திறந்தது!"

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த மனிதர், சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் இருந்தார்.

"மணி அடிக்காத நாளிலை மணி கேக்குது," என்றார் சறோஜினிதேவி. "கைபேசியிலை திகதியை மாத்தலாம். ஆனா அண்டைக்கு ஊரிலை நிண்டவர் அந்தச் செத்தவீட்டை மறக்கமாட்டார். நீர் ஊரிலை நிக்கேல்லை."

றொஜன் முகம் வெளிறிவிட்டது. "கண்டியிலை நிண்டனான். பாட்டை இப்ப போன மாசந்தான் பதிஞ்சனான். இறுப்பிட்டியெண்டு நம்பவேணுமெண்டு மணியையும் எடுத்துச் சேர்த்தனான்."

"மணி இல்லாட்டி நானும் நம்பியிருப்பன், தம்பி. ஏன் இந்த வேலை?"

"பாட்டு அவவின்ரை. ஆனா நடுவிலை வாற கிற்றார் என்ரை, அன்ரி! விளம்பரத்துக்கு அந்தத் துண்டைத்தான் போட்டவை. என்ரை பேர் எங்கையுமில்லை. பாத்துக்கொண்டிருக்க ஏலாமல் போச்சு."

சயந்தினி தன் கைபேசியில் அல்பத்தின் உள்ளட்டையைத் திறந்து அவன் முன் வைத்தாள். அவளுடைய பெயருக்கு அடுத்ததாக, 'கிற்றார் இடையிசை ஆக்கம்: றொஜன்' என்று இருந்தது.

"இதை உனக்கு அண்டைக்கே அனுப்பினனான்," என்றாள். "நீதான் என்ரை நம்பரை மறிச்சு வைச்சிருந்தனீ."

றொஜன் அதை வாசித்தான். பிறகு தலை நிமிராமலே கொழும்புக்கு அழைப்பெடுத்தான்.

"றொஜன் கதைக்கிறன். நான் சொன்னது பொய். பாட்டு சயந்தினியின்ரை."

"நடுவிலை வாற கிற்றார் உன்ரை எண்டும் சொல்லு," என்றாள் சயந்தினி.

அவன் வாயைத் திறந்தான், அழுகைதான் வந்தது. இராசநாயகம் கைபேசியை மெல்ல வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, அதைத் தானே சொன்னார்.