சாரலில் நனையாத குதிரை

"நான் நனைஞ்சேன், குதிரைக்காரரும் சொட்டச் சொட்ட நனைஞ்சாரு. குதிரை மேல மட்டும் ஒரு பொட்டுத் தண்ணி விழ விடலக்கா. கொடையைத் தூக்கி அதுக்குப் பிடிக்காரு. ஏன்னு தெரியாமத்தான் ஒங்ககிட்ட வந்தேன்" என்றாள் ஷஹானா.

செண்பகவல்லி தென்காசியில் கல்யாண வரன்களைப் பற்றி விசாரித்துச் சொல்பவர். மாப்பிள்ளைகளின் சம்பளத்தை விசாரித்தே சலித்துப்போன உதவியாளன் மணிகண்டபிரபு, குதிரை என்றதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

ஷஹானாவின் கணவன் ஆசிப், ரியாத்தில் ஒரு முதலாளி வீட்டில் கார் ஓட்டுகிறான். அரபிக் குதிரை வாங்கிக் குட்டிகளை விற்றுப் பிழைக்கலாம் என்று வேலையை விடத் துணிந்திருந்தான். இலஞ்சியில் பாண்டியராஜிடம் ஒரு வெள்ளைப் பெண்குதிரை விலைக்கு வந்தது. ஷஹானா நேரில் போய் எடுத்தனுப்பிய வீடியோவில் பார்த்தவன், "மூக்கும் கண்ணோரமும் கறுப்பு. அசல் அரபிதான்" என்று முடிவு கட்டிவிட்டான். மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்குக்குள் பணம் அனுப்பாவிட்டால் குதிரை கைமாறிவிடும் என்று பாண்டியராஜ் கெடு வைத்திருந்தார். மனையை விற்ற பணம் அது. குதிரை பொய்யானால் ஆசிப் ஊர் திரும்பவே முடியாது. தகப்பன் என்றால் போனுக்குள் இருப்பவர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் மகளுக்கு ஷஹானா என்ன பதில் சொல்வாள்?

"சாயம்க்கா! நனைஞ்சா வெளுத்துரும்லா" என்றான் பிரபு.

"போயிப் பாத்துட்டுச் சொல்லுலே" என்றார் செண்பகவல்லி.

மூவரும் ஆட்டோவில் போகும்போது செண்பகவல்லி ஆசிப்பிடம் போனில் ஒன்றே ஒன்று கேட்டார். "அங்கன குதிரையைக் குளிப்பாட்டிப் பாத்திருக்கியளா?"

"மொதலாளி லாயத்துல வெள்ளைக் குதிரையத் தெனம் பாக்கேன்க்கா. குளிக்கும்போது கருநீலமா இருக்கும், காஞ்சா பால் மாதிரி வெளுத்துரும். அது ஒரு அதிசயம்! ஷஹானா பணத்தை அனுப்பிட்டாளா?"

தென்னந்தோப்புத் தகரக் கொட்டகையில் குதிரை நின்றது. சாரலில் நனைந்தபடி வாசலை மறித்து நின்றார் பாண்டியராஜ். "வாங்க ஆச்சி. தள்ளி நின்னே பாருங்க. புது ஆளக் கண்டா கடிக்கும்."

குதிரை வாளிக்குள் மூக்கை முக்கித் தண்ணீர் குடித்தது. பிரபு எட்டிப் பார்த்தான். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அவன் முகம் தொங்கிப்போயிற்று.

"என்ன தம்பி, மை கரையுதான்னு பாத்தியளோ?" பாண்டியராஜ் வாய்விட்டுச் சிரித்தார்.

ஷஹானாவின் போன் மறுபடி அதிர்ந்தது. ஆசிப்தான். அவள் பணம் அனுப்பும் பக்கத்தைத் திறந்தாள்.

"மூக்கு நனையலாம், முதுகு நனையக் கூடாதா அண்ணாச்சி?" என்றார் செண்பகவல்லி.

"சளி பிடிச்சிரும்லா."

"அப்படியா?" என்றபடியே அவரைத் தாண்டி உள்ளே நுழைந்து, வாளியை எடுத்து மிச்சத் தண்ணீரைக் குதிரையின் முதுகில் வீசினார். பாண்டியராஜ் கத்திக்கொண்டு ஓடி வந்தார். குதிரை கடிக்கவில்லை, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது, அவ்வளவுதான். வெள்ளை ரோமம் ஒட்டிப் படிந்த இடமெல்லாம் ரோஜா நிறம் தெரிந்தது.

"ஐந்தருவியில குளிச்சிட்டு வாறவன் வெள்ளை வேட்டியைப் பாத்திருக்கியாலே?" என்றார் செண்பகவல்லி.

"உள்ள போட்டிருக்க டவுசர் கலரு தெரியும்க்கா."

"இதுவும் அதேதான். வெள்ளை அரபிக்கு ரோமந்தான் வெள்ளை, தோலு கறுப்பு. நனைஞ்சா ரோமம் ஒட்டி, தோலோட நிறம் வெளிய வந்துரும். ஆசிப் சொன்ன கருநீலம் அதான். இதுக்குத் தோலு செவப்பு. கல்யாண ஊர்வலத்துக்கு வார குதிரை. மூக்குலயும் கண்ணோரத்துலயும் ரோமம் கம்மி, தோலு அப்படியே தெரியும். அதனால அங்கன மட்டும் நரைமுடிக்குப் போடுற சாயத்தைப் போட்டிருக்காரு. அது தண்ணியில கரையாது. அதான் மூக்கை நனைய விட்டாரு. முதுகு நனைஞ்சா சாயம் போவும்னு அவரு பயப்படல. தோலு தெரிஞ்சிரும்னுதான் பயந்தாரு."

"நானே அரபின்னு நம்பித்தான் வாங்குனேன் ஆச்சி!"

"அப்போ மூக்குக்குச் சாயம் போட்டது யாரு? குதிரையே கண்ணாடி பாத்துப் போட்டுக்கிட்டாக்கும்?" என்றான் பிரபு.

பாங்கு கேட்டது. ஷஹானா கணவனை அழைத்தாள்.

"பணம் பத்திரமா இருக்குங்க. இது அரபி இல்ல. நாம வேற பாப்போம். வெள்ளைக் குதிரைன்னா முதல்ல ஒரு வாளித் தண்ணியை முதுகுல ஊத்துவோம். தோலு கறுப்பாத் தெரிஞ்சா மேல பேசுவோம். செவப்பாத் தெரிஞ்சா வந்துருவோம்."