பூசணம் பிடித்த சுவர்

காலையில் சுரண்டிவிட்டுப் போன சுவர், சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மறுபடி கறுத்திருந்தது. பெயின்டர் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். ஆளில்லாத வீடு, மழைக்குச் சாத்திய ஜன்னல்கள், ஊறிப்போன சாக்கின் வாடை, தலைக்கு மேலே கடகடவென்று ஓடும் மின்விசிறி. அந்தச் சத்தத்துக்கு அடியில், யாரோ நகத்தால் சுவரை வருடுவது போல இன்னொரு சத்தம்.

பூசணம் பிடித்த சுவரை ப்ளீச்சிங் தண்ணீரில் நனைத்துத்தான் சுரண்ட வேண்டும், இல்லையென்றால் தூள் பறக்கும். புதிதாக வேலைக்கு வருகிற எல்லோருக்கும் அவரே சொல்லும் பாடம் அது. ஆனால் நனைத்தால் காய ஒரு நாள் போகும். வீட்டுக்காரரோ கழுத்தில் கத்தி வைக்காத குறையாக அவசரப்படுத்துகிறார். அதனால் பெயின்டரே காய்ந்தபடி சுரண்டச் சொல்லி, போதாததற்கு விசிறியையும் போட்டுவிட்டிருந்தார். சுரண்டியது மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம்.

"மாப்பிள்ளைக்கு இப்பவே பவுடர் போட்டு அனுப்புறீங்களா மாமா?" என்று முகமெல்லாம் கறுப்புத் தூளோடு காலையில் சிரித்தான்.

"மாப்ள?"

"இங்கதான் இருக்கேன் மாமா."

மூலையில், நெற்றியைச் சுவரில் வைத்து, அவருக்கு முதுகு காட்டி நின்றிருந்தான். சட்டையில்லாத முதுகு முழுக்கக் கறுப்பாக ரோமம் போல அடர்ந்திருந்தது. விசிறிக் காற்றில் அது அசைந்தது.

பெயின்டர் மூலைக்கு ஓடினார். தோளைப் பிடித்து இழுத்தார். வரவில்லை.

"இழுக்காதீங்க. சுரண்டி எடுத்துடுங்க மாமா."

சுரண்டும் தகட்டை எடுத்தார். "வலிச்சா சொல்லுடா."

"வலிக்கல. நல்லா அழுத்துங்க."

அழுத்தினார். கறுப்பு உரிந்தது. அடியிலும் கறுப்பு. இன்னும் அழுத்தினார். தோல் சுருண்டு வந்தது. சூடான ரத்தம் அவர் மணிக்கட்டில் வழிந்தது. உடம்பு துள்ளியது. குரல் மட்டும் சாவகாசமாக வந்தது.

"இன்னும் கொஞ்சம் மாமா."

அழுதுகொண்டே சுரண்டினார். இவனை உயிரோடு இவன் அக்கா கையில் ஒப்படைத்தால் போதும். வேறொன்றும் வேண்டாம். தகடு எலும்பில் உரசியது. சுவரில் ஒட்டியிருந்த நெற்றி பெயர்ந்து, மச்சினன் அவர் மேலேயே சாய்ந்தான்.

முகம் தெரிந்தது.

உதடு கிழிய, தொண்டை வரை, வாய்க்குள் பூசணம் அடைத்திருந்தது. மூக்கில் மட்டும் மூச்சு சீறியது. அந்த வாய் ஒரு சொல் பேசியிருக்க முடியாது. கண்கள் உயிரோடு இருந்தன. வேண்டாம், வேண்டாம் என்று கெஞ்சின.

"நிறுத்தாதீங்க மாமா," என்றது சுவர்.

தகட்டை வீசப் பார்த்தார். விரல்கள் பிரியவில்லை. இடுக்கெல்லாம் மெத்தென்று கறுப்பு. கை தானாக உயர்ந்தது.

அந்தக் கண்களை நோக்கி.