அருவியில் ஆள் இல்லை

கைப்பேசி ஒலித்தது!

சுரண்டை மார்க்கெட்டை ஒட்டிய காய்கறிக் கடை. கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டிருந்த ஆவுடையம்மாள், திரையில் மருமகன் மகாதேவனின் படத்தைக் கண்டதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

முதலில் வந்தது மனிதக் குரல் அன்று.

தண்ணீர்... கொட்டும் தண்ணீரின் பேரிரைச்சல்!

அதற்குள்ளிருந்து மகாதேவனின் மென்மையான குரல்.

"அத்தை, குத்தாலத்துல நிக்கோம். ஒங்க மவ அருவிக்குள்ள நிக்கா. கேளுங்க."

ஓர் அலறல்!

மகள் சுஜிதாவின் குரல். நீண்டு... அறுந்து... மீண்டும் எழுந்து...

ஆவுடையம்மாள் சிரித்தாள்.

அவளைப் பழிக்க வேண்டாம். வேறெந்த ஊரில் பெண் அலறினாலும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். குற்றாலத்தில் பெண் அலறினால் நாலு பேர் சிரிப்பார்கள். உச்சந்தலையில் குளிர்ந்த நீர் இடியென இறங்கும்போது அலறாதவர் யார்? அங்கே அலறல் என்பது ஆனந்தத்தின் மொழி!

அவள் ஏதோ சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். காய் வாங்க வந்தவளிடம், மகளும் மருமகனும் ராசியாகிவிட்டார்கள், குற்றாலத்தில் குளிக்கிறார்கள் என்று பூரித்துச் சொன்னாள். ஒரு கைப்பிடி கொத்தமல்லியைக் கூடுதலாகவே போட்டாள்.

அன்று மாலை...

சிற்றாற்றின் பாறை இடுக்கில் சுஜிதாவின் உடல் கிடைத்தது.

மகாதேவன் முறையாக அழுதான். குளித்துவிட்டு இறங்கும்போது பாறை வழுக்கிவிட்டது, கைக்கு எட்டாமல் போய்விட்டாள் என்று முறையாக வாக்குமூலமும் கொடுத்தான். இன்ஸ்பெக்டர் நிர்மலாதேவி ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள்.

அவன் வெளியே போனதும் ஏட்டு முத்துராஜ் கோப்பை எடுத்தார். விபத்து என்று எழுதி முடித்துவிடலாமா என்று கேட்டார்.

"ஏட்டையா, அன்னைக்கு மெயினருவி முன்னால கயித்தைப் பிடிச்சிக்கிட்டு நின்னது யாரு?"

"நீங்கதான் மேடம். மலையில மழை கொட்டுச்சு. எல்லா அருவிக்கும் தடை போட்டிருந்தோம்லா..." என்றவர் நிறுத்திக்கொண்டார்.

"அருவியில ஆள் இல்ல, ஏட்டையா. பெறகு எந்த அருவியில குளிச்சா அந்தப் பிள்ளை?"

விசாரணை வேகம் பிடித்தது. ஆவுடையம்மாளுக்கு வந்த அந்த அழைப்பு குற்றாலத்திலிருந்து வரவில்லை. பல மைல் தள்ளியிருக்கும் வடகரை ஊரின் டவரிலிருந்து வந்திருந்தது. வடகரையில் மகாதேவனின் நண்பனுக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. தோப்புக்குள் பம்புசெட். அதனருகே சிமெண்டுத் தொட்டி. மோட்டாரைப் போட்டால் தொட்டியில் விழும் நீரின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சும் கேட்காது!

காரணமும் கிடைத்தது. தென்காசி வக்கீல் ஒருவரிடம் சுஜிதா விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தாள். மகாதேவன் அடிக்கிறவன் அல்லன், அதட்டுகிறவனும் அல்லன். பேசாமல் வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவன். பிறந்த வீட்டுக்கு அவள் ஓடிவந்தபோதெல்லாம், சத்தம் போடாத மாப்பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பெண்டாட்டி செத்தவனுக்கு ஊர் இரக்கப்படும். பெண்டாட்டி விட்டுப் போனவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். அவன் இரக்கத்தைத் தேர்ந்தெடுத்தான்!

மீண்டும் அழைத்துக் கேட்டபோதும் அவன் பதறவில்லை.

"தடைன்னு தெரிஞ்சுதான் மேடம், மேல ஒரு சின்ன அருவிக்குப் போனோம். தப்புதான். மலையில சிக்னல் எந்த டவரையும் பிடிக்கும்." கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டான். "சந்தேகம்னா எங்க அத்தைகிட்ட கேளுங்க. அவ சந்தோஷமா இருந்ததை அவுங்க காதால கேட்டாங்க."

கொலைகாரனுக்குக் கேடயம் யார்?

செத்தவளைப் பெற்றவள்!

சுரண்டை வீட்டில் மகளின் படத்துக்குக் கீழே ஆவுடையம்மாள் உட்கார்ந்திருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவள் ஒன்றையேதான் சொன்னாள். என் மகள் சிரித்துக்கொண்டே போனாள்; கடைசியாக நான் கேட்டது அவள் சந்தோஷத்தைத்தான். அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாய் சோறு இறங்கியது. அதைச் சொல்லித்தான் கண் அயர்ந்தாள்.

நிர்மலாதேவி எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தரையில் அமர்ந்தாள். ஒரு தாயிடம் மிச்சமிருக்கும் ஒரே ஆறுதலைப் பிடுங்க வந்திருக்கிறாள். பிடுங்காவிட்டால், அந்தக் கைக்குட்டைக்காரன் அடுத்த முகூர்த்தத்தில் மாப்பிள்ளை!

"அக்கா, அன்னைக்குக் குத்தாலத்துல யாரும் குளிக்கல."

ஆவுடையம்மாள் நிமிர்ந்தாள்.

தோப்பைப் பற்றிச் சொன்னாள் நிர்மலாதேவி. தொட்டியைப் பற்றிச் சொன்னாள். நீங்கள் கேட்ட இரைச்சல் அருவி அல்ல, மோட்டார் தண்ணீர் என்று மிக மெதுவாகச் சொன்னாள்.

வெளியே யாரோ இருமினார்கள்.

"அப்பம் அவ விளையாடல..." ஆவுடையம்மாளின் உதடு கோணியது. "எம்மா, நான் ஒண்ணைச் சொல்லாம விட்டுட்டேன்."

"சொல்லுங்கக்கா."

"அவ சும்மா கத்தல. கேவலம்னு மறைச்சிட்டேன்."

"என்ன கத்துனா?"

ஆவுடையம்மாள் வாசலைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"புருஷன் பேரைச் சொல்லிக் கத்துனா. 'ஏலே மகாதேவா, விடுலே'ன்னு."

நிர்மலாதேவி இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

அந்தக் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் கணவன் பெயரை உச்சரித்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட, பின்னால் நிற்பவளைச் சொல்லச் சொல்லுகிறவள் ஆவுடையம்மாள். அப்படியே மகளையும் வளர்த்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க, அக்கா?"

"தண்ணிக்குள்ள ரெண்டு பேரும் விளையாடுதாங்க, இவ கிறுக்குப் பிடிச்சி மரியாதை இல்லாமக் கத்துதாளேன்னு..." மகளின் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். "'ஏட்டி, மரியாதையாப் பேசு'ன்னேன். சொல்லிட்டு வச்சிட்டேன்."

அதுதான் அந்தப் பெண் இந்த உலகத்தில் கடைசியாகக் கேட்ட தாயின் குரல்!

கழுத்தை நீருக்குள் அழுத்துகிற கைக்கும் 'ங்க' போட வேண்டும்... உயிரை எடுப்பவனானாலும் அவன் பெயரை எடுக்கக் கூடாது! இப்படி ஒரு மரியாதையைப் பெண்ணின் நாவில் கட்டியவர் எவர்? கட்டிவிட்டு, அதற்குக் குடும்ப லட்சணம் என்று பெயர் வைத்தவர் எவர்? தொட்டியில் மூழ்கடித்தவன் ஒருவன்தான். மூச்சை அடக்கப் பழக்கியவர்களோ ஊர் முழுக்க இருக்கிறார்கள்!

"செத்தவளுக்கு அந்தக் கெட்ட பேரு வேண்டாம்னுதான் சொல்லல," என்றாள் ஆவுடையம்மாள். இப்போதுதான் அழுதாள். அத்தனை நாள் அழுததெல்லாம் அழுகையே இல்லை என்பதுபோல அழுதாள்.

நிர்மலாதேவி அவள் கையை விடவில்லை. இதைக் கோர்ட்டில், சொந்தபந்தம் எல்லாரும் இருக்கும்போது, உரக்கச் சொல்ல வேண்டியிருக்கும் என்றாள். முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றாள்.

ஆவுடையம்மாள் மூக்கைச் சிந்தித் துடைத்தாள்.

"எழுதுங்கம்மா. எம் மவ சொன்னபடியே எழுதுங்க. அந்த 'லே'யையும் விட்டுராதீங்க."

உடலைச் சிற்றாற்றில் கொண்டுபோய்ப் போடுமுன் அவன் அவளை மூழ்கடித்த வடகரைத் தோப்புத் தொட்டியை வற்றவைத்தார்கள். அடியில், பாசிக்குள், உடைந்த கண்ணாடி வளையல்கள். ஒவ்வொன்றையும் மகளின் வளையல் என்று ஆவுடையம்மாள் அடையாளம் காட்டினாள். தொடத்தான் முடியவில்லை.

குத்துக்கல்வலசையில் மகாதேவனின் வீட்டு முன் ஜீப் நின்றது. தெருவே கூடியிருந்தது. இவ்வளவு தன்மையான பிள்ளையையா என்று ஒருவர் ஆதங்கப்பட்டார். மகாதேவன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு அமைதியாக வெளியே வந்தான்.

முத்துராஜ் ஜீப்பின் பின்கதவைத் திறந்தார்.

"ஏலே மகாதேவா, ஏறுலே."

முதன்முறையாக அந்த முகம் சிவந்தது! கொலைப் பழிக்குச் சிவக்காத முகம்!

"மரியாதை வேணும் ஏட்டையா. எங்க தெருவுல வச்சி என்னைப் பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க."

நிர்மலாதேவி முன் இருக்கையிலிருந்து திரும்பினாள்.

"பழகிக்கோங்க சார். கோர்ட்டுல ஒவ்வொரு வாய்தாவுக்கும் மூணு தடவை கூப்பிடுவாங்க!"