எட்டாம் காம்பராவைப் பற்றி ஒரு கருத்து

கோகிலாவுக்கு வலது தோளில் இருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரே இழுவையாக வலித்தது. விடியலில் முந்நூறு றப்பர் மரத்தில் பால் வெட்டி, மழை இறங்குவதற்குள் சிரட்டை சிரட்டையாகப் பாலை ஊற்றியெடுத்து, ரெண்டு வாளியையும் சுமந்துகொண்டு மேல்மலையில் இருந்து ஸ்டோருக்கு ஓடிவந்த கை அது. வீட்டுக்குள் வந்தவள் இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் தரையில் உட்கார்ந்து இடது கையால் போனைத் திறந்தாள். மூணு நாளாக வலிக்கு அவள் போடும் மருந்து அதுதான். தன் வீட்டைப் பற்றி ஊர் உலகம் என்ன சொல்கிறது என்று பார்ப்பது.

'வாசல் புதுசு' நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் டீவியில் போய், அன்றைக்கே போனிலும் ஏறிவிட்டது. கொழும்பில் இருந்து ஆட்கள் வருவார்கள். கடிதம் போட்டவர்களில் ஒரு குடும்பத்தைப் பொறுக்கி, அவர்கள் வீட்டை இடித்துப் புதுசாக்கி, கடைசியில் கண்ணைக் கட்டி உள்ளே கூட்டிவந்து அழவைத்துப் படம் பிடிப்பார்கள். இந்த வாரம் அழுதது கோகிலாவும் அவள் புருசன் அஜந்தனும். கீழே ஆயிரத்துச் சொச்சம் கருத்துகள்.

"லயத்துல இப்படி ஒரு குசினியா! கண்ணு கலங்கிருச்சு."

"சுவருக்கு சாம்பல் கலர் எடுபடல்ல. மஞ்சள் அடிச்சிருக்கலாம்."

"ஆறு மாசத்துல டைல்ஸ் எல்லாம் கழரும், எழுதி வச்சுக்குங்க."

"அந்த அக்கா அழுறது நடிப்பு."

நடிப்பு என்றவனுக்குக் கோகிலா மனசுக்குள் ரெண்டு கெட்ட வார்த்தை சொன்னாள். அதற்குக் கீழே புதுசாக ஒன்று இருந்தது. முகம் இல்லை. யாரோ ரோசாப்பூ ஒன்றைப் படமாகப் போட்டிருந்தார்கள்.

"டைல்ஸ் பார்வைக்கு நல்லாத்தான் இருக்கு. அடுப்பு மூலையில கால் வச்சா மட்டும் சில்லுனு ஏறுது."

தாண்டிப் போய்விட்டவள் திரும்பி வந்து மறுபடி வாசித்தாள். படத்தில் டைல்ஸின் நிறத்தைப் பார்க்கலாம். வெடிப்பைப் பார்க்கலாம். குளிரை எப்படிப் பார்க்கிறது?

எழும்பி வெறுங்காலோடு குசினிக்குள் போனாள். தரை எல்லா இடமும் மழைக்காலத்துக் குளிராகத்தான் இருந்தது. அடுப்பு மூலையில் அது வேறு குளிர். ஓடைத் தண்ணிக்கு அடியில், வெயிலே படாமல் கிடக்கும் கல்லில் கால் வைத்த மாதிரி, எலும்புக்குள் நேராக ஏறியது.

குசினி என்று டீவிக்காரர்தான் சொன்னார்கள். அது எட்டாம் நம்பர் காம்பரா. ஒட்டி ஒட்டி வரிசையாய் நிற்கும் லயத்து வீடுகளில் கடைசி, அதற்கு அப்பால் பள்ளம். முப்பது வருசம் அதில் இருந்தவள் தங்கம்மா. புருசன் இல்லை, பிள்ளை இல்லை. இவர்களோடு ஒரே மலையில் பால் வெட்டியவள். வயிறு வீங்கி அவள் ஆஸ்பத்திரியில் ரெண்டு மாசமாகக் கிடந்தபோதுதான் நிகழ்ச்சிக்காரர் வந்து, கோகிலாவின் ஏழாம் நம்பர்ப் பத்தடி அறையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள்.

"பக்கத்துல யாரு இருக்காங்க?" என்று நிகழ்ச்சி நடத்திய கொழும்புப் பெண், அந்த நோனா, சிங்களத்தில் கேட்டாள்.

"யாரும் இல்ல நோனா. சும்மாதான் கெடக்கு," என்று அஜந்தன் சிங்களத்திலேயே சொன்னான். கோகிலா பக்கத்தில் நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

ஒரே நாளில் நடுச்சுவர் விழுந்தது. ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு வாசல் என்று எட்டாம் நம்பரின் கதவைப் பிடுங்கிவிட்டுக் கல் வைத்து அடைத்தார்கள். கண் கட்டி அழும் படப்பிடிப்புக்கு முதல் நாள் தங்கம்மா செத்துப்போனாள்.

அந்த மலைகளில் யார் எங்கே செத்தாலும் வீட்டுக்கு வராமல் குழிக்குப் போவதில்லை. கொழும்பில் செத்தாலும் லொறி பிடித்துக் கொண்டுவந்து, சொந்தக் காம்பராவில் ஒரு ராத்திரி வைத்து, லயமே விழித்திருந்து, மறுநாள்தான் தூக்குவார்கள். தங்கம்மாவை எங்கே வைப்பது? லயத்தில் தீட்டு விழுந்தால் நிகழ்ச்சிக்காரர் சாமானைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். தோட்டத்துத் துரை காதுக்கு விசயம் போனால் எட்டாம் நம்பரை அப்படியே பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். "வீட்டுக்குக் கொண்டுபோக வேணாம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க," என்று கோகிலா லயத்துக்குச் சொன்னாள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. வேன் நேரே மயானத்துக்குப் போனது.

இது வரைக்கும் அஜந்தனுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது. சாவதற்கு நாலு நாள் முன்னால் கோகிலா பார்க்கப் போனபோது தங்கம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எது ஆனாலும் ஒரு ராத்திரி என்னைய என் காம்பராவுல போட்டு வச்சுட்டு எடுங்க, புள்ள." தன் தலைமயிரில் இடித்த அந்தக் காம்பராச் சுவரின் தூசி ஒட்டியிருக்க, "சரிக்கா" என்றாள் கோகிலா.

மறுநாள் புதன்கிழமை, சீனி வாங்கக் கடைக்குப் போனாள்.

"வா புள்ள, டீவி ஸ்டார்!" என்றாள் கடைக்கார றிப்தா. முஸ்லிம் அக்கா என்பதால் லயத்துக்கே அவள் தாத்தா. "ஒன்ட வீட்ட மூணு தரம் பாத்தன். சீலிங் நல்லா ஈக்குது. அந்த சாம்பல் பெயின்ட்தான் ஆகாது, ஆஸ்பத்திரி வாட்டு மாதிரி."

"அவங்க அடிச்சதுதானே தாத்தா. நம்மகிட்ட கேட்டாங்களா?"

"கொமெண்ட் எல்லாம் வாசிச்சன். நானும் ஒண்டு போட்டன், ஜன்னலுக்கு நல்ல கேட்டின் போடச் சொல்லி." றிப்தா சீனியை நிறுத்துக்கொண்டே குரலைக் குறைத்தாள். "எல்லாரும் வெளிய நிண்டு பேசுறாங்க. அந்த ரோசாப்பூக்காரி மட்டும் உள்ளுக்கு இருந்து பேசுற மாதிரி ஈக்குது. ஒன்ட சொந்தமா?"

கோகிலா கடை வாசலிலேயே போனைத் திறந்தாள்.

"சீலிங் அடிச்சது பிழை. தகரத்துல மழை விழுற சத்தம் கேக்காம எப்படிக் கண்ணசர்றது?"

திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு ஒரே ஒரு பெயர்தான் ஓடியது. ஆறாம் நம்பர் விஜயகலா. அவளும் இதே நிகழ்ச்சிக்குக் கடிதம் போட்டவள். பொறுக்கப்படாதவள். வீடு வேலை நடக்கும்போது வந்து வந்து எட்டிப் பார்த்தவள். அடுப்பு மூலையில் கால் வைக்க அவளுக்கு எத்தனை தடவை வாய்த்திருக்கும்!

விஜயகலா வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் குந்தி, விரலில் காய்ந்த றப்பர் பாலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மனசுல ஏதாச்சும் இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. போன்ல எழுதாதீங்க."

"நான் எழுதுறேனா? அந்தக் கடுதாசியே பக்கத்து லயத்துப் பொண்ணு எழுதிக் குடுத்ததுடி. நான் கைநாட்டு." சட்டைக்குள் இருந்து பட்டன் போன் ஒன்றை எடுத்து நீட்டினாள். மூடி விழாமல் றப்பர் பட்டி சுற்றியிருந்தது. "இந்தா, இதுல எழுதிக் காட்டு பாப்போம். வந்துட்டா டீவிக்காரி!"

கோகிலாவுக்கு முகம் சுருங்கியது.

"உன்னய டீவியில பாத்து நானும்தான் அழுதேன். அந்தப் பாட்டப் போட்டா யாருக்கும் அழுக வரும். தங்கம்மாவுக்குத்தான் பாட்டும் இல்ல, ஒப்பாரியும் இல்ல." விரலில் மிச்சமிருந்த பாலை உரித்துப் போட்டாள். "சரி, ராத்திரியில அங்க என்னத்தடி சுரண்டுற? ரெண்டு நாளா எனக்குத் தூக்கமில்ல."

"நாங்க ஒண்ணும் சுரண்டல. எலியா இருக்கும்."

"எலிக்கு அவ்வளவு பொறும இல்ல," என்றாள் விஜயகலா.

அன்று ராத்திரி கோகிலா தூங்கவில்லை. பக்கத்தில் குறட்டை விடும் அஜந்தனின் முதுகைப் பார்த்தபடி கிடந்தாள். அவனுக்கும் போன் இருக்கிறது. பொய் சொன்னது உறுத்தி, நேரே சொல்ல நெஞ்சில்லாமல் இப்படி எழுதுகிறானோ? காலையில் அவன் குளிக்கப் போனதும் போனைத் துழாவினாள். ரோசாப்பூ இல்லை. ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை விடியலிலேயே மழை பிடித்துவிட்டதால் பால் வெட்டு இல்லை. அஜந்தன் ஹாட்வெயார் லொறியில் றக்வானைப் பக்கம் சீமெந்து இறக்கப் போயிருந்தான். பகல் முழுக்க மலை இருட்டிக்கொண்டே வந்து, அஞ்சு மணிக்கெல்லாம் ஜன்னல் கண்ணாடி கறுத்து, கறண்டும் போனது. வெளியே கொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் உள்ளே சத்தமில்லை. பன்னிரண்டு வருசம் தகரத்தில் மழை இடிக்கும் வீட்டில் பேச்சைக் கத்திப் பேசிப் பழகியவளுக்கு, அந்த வெள்ளைச் சீலிங்குக்குக் கீழே தன் மூச்சும், தண்ணிக் குழாய் சொட்டுவதும், தன் தொண்டை விழுங்குவதும் தனித்தனியாகக் கேட்டன. புதுப் பெயின்ட் வாசத்துக்கு அடியில் இன்னொரு வாசம் மெல்லக் கிளம்பியது. சிரட்டையில் காய்ந்து அழுகும் ஒட்டுப்பால். அதோடு கலந்து, ஆஸ்பத்திரித் தரை கழுவும் மருந்து.

போன் அதிர்ந்தது. அவள் வீட்டுப் படத்துக்குப் புதுக் கருத்து.

"சாயத்துக்கு அடியில சுவர் கறுப்பாத்தான் இருக்கு."

போன் வெளிச்சத்தோடு குசினிக்குள் போனாள். நடுவில் நிகழ்ச்சிக்காரர் கட்டிய சமையல் மேடை. அதைச் சுற்றிக்கொண்டு அடுப்பு மூலைக்குப் போய் கேஸ் சிலிண்டரை நகர்த்தினாள். பின்னால் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் இல்லை. முப்பது வருசத்து விறகுப் புகை கறுகறுவென்று தெரிந்தது. மேலிருந்து கீழாக நாலு நாலாகக் கோடுகள். உதிர்ந்த சாம்பல் நிறச் செதில்களை யாரோ கூட்டி, ஒரு ஓரமாகக் குவித்து வைத்திருந்தார்கள். வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் பெண் செய்கிற மாதிரி.

அஜந்தனுக்குப் போன் அடித்தாள்.

"சுவரச் சுரண்டுனது நீங்களா?"

"என்ன சுவரு? எனக்கென்ன பைத்தியமா? இங்க றோட்டுல மண் சரிஞ்சு கெடக்கு, காலையிலதான் வர முடியும்."

"அந்த ரோசாப்பூக்காரி போன்ல எழுதிக்கிட்டே இருக்குறா. உள்ள இருக்குறதெல்லாம் தெரியுது."

"ப்ளொக் பண்ணு. பொறாமை புடிச்ச சனம். ஊருல எவளாவது…" அவன் நிறுத்தினான். "ஏன் உன் குரலு ஒரு மாதிரி இருக்கு? தங்கம்மாக்கா விசயத்துல என்கிட்ட சொல்லாதது ஏதாச்சும் இருக்கா?"

லைன் தானாக அறுந்தது.

ப்ளொக் பண்ணத்தான் விரலை வைத்தாள். அதற்குப் பதிலாக எழுதினாள்.

"யார் நீங்க?"

உடனே பதில் வந்தது.

"பக்கத்துக் காம்பராதான்."

ஆறாம் நம்பரில் இருப்பவளுக்கு எழுதத் தெரியாது. இந்தப் பக்கம் பக்கத்துக் காம்பரா என்றால் அது அவள் நிற்கும் இடம்.

ஒரு வேலை செய்யலாம் என்று தோன்றியது. இப்போதே விஜயகலாவின் வாசலைத் தட்டி, எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். வாக்குக் கொடுத்ததை. பொய் சொன்னதை. சொன்னால் நாளைக்கே லயம் கூடும். துரை வருவார். எட்டாம் நம்பர் போகும். சுவர் திரும்ப எழும்பும். மறுபடி பத்தடி அறை, புகை, தகரம். கோகிலா அந்தப் பளபளப்பான குழாயைப் பார்த்தாள். டைல்ஸைப் பார்த்தாள்.

சொல்ல மாட்டேன் என்று முடிவெடுத்தாள். வாய்விட்டே சொன்னாள். "இது என் வீடு."

குழாய் சொட்டுவது நின்றது.

போன் அதிர்ந்தது.

"என் வாசலை அடைச்சது பிழை. கொஞ்ச நேரம் வெளிய நிண்டு பார்த்தேன். சரின்னு சுத்திக்கிட்டு உங்க வாசலால வந்தேன்."

ஏழாம் நம்பர்க் கதவு இங்கிருந்து தெரியும். வெளிச்சத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. கதவுக்குக் கீழே இருந்து குசினியை நோக்கி ஈரம். காலடிகள் இல்லை. இழுத்துக்கொண்டு வந்த மாதிரி ஒரே பட்டையாக ஈரம்.

ஒரு கை அகலம்.

செம்மண்.

கையில் போன். இன்னொரு கருத்து. வாசிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வாசித்தாள்.

"மேடை நீளம் பத்தாது. கால் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு."

பார்க்கவில்லை.

வாசம் மட்டும் நெருக்கமாக வந்தது. ஒட்டுப்பால். ஆஸ்பத்திரி மருந்து. ஈர மண்.

பிறகு வெளிச்சம் தானாகத் திரும்பியது. அல்லது கை.

மேடையின் விளிம்புக்கு வெளியே ரெண்டு கால்கள். வெடித்த குதிகால். நகங்களில் றப்பர் பால் காய்ந்து கறுத்த கறை. பெருவிரல் ரெண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. அதற்கு மேல் வெளிச்சம் போகவில்லை. கோகிலா போகவிடவில்லை.

வெளியே போக வேண்டுமென்றால் அந்தக் கால்களை உரசிக்கொண்டுதான் போக வேண்டும்.

தலைமாட்டில் ஒரு கதிரை இழுத்துப் போடப்பட்டிருந்தது. விழித்திருக்க வேண்டியவள் உட்காருவதற்கு.

ஆறே கால். மழை சத்தமில்லாமல் பெய்தது. இருட்டு இப்போதுதான் கட்டியது. தங்கம்மாவுக்குக் கோகிலா கொடுக்கவேண்டியிருந்தது ஒரு முழு ராத்திரி.