நடு ஷீட்

கிழிந்த வினைல் ஷீட்டைச் சுருட்டி மார்போடு அணைத்தபடி அக்கா சர்வேயர் வீட்டுக்குள் வந்தபோது, அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக முப்பது வருடம் மோதிய வண்டிகளைப் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் தேடி வந்துகொண்டுதான் இருந்தார்கள். பக்கத்தில் அவருடைய மச்சான், பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். யாரைப் பார்த்தாலும் டிக்கெட் எடுக்காதவர் போலத் தெரிவது அவர் கண்ணின் பழக்கம்.

"இதை ஒட்டின பொண்ணு மேலதான் தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார். அது போதும்," என்றாள்.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்கம்மா. வரியை அப்புறம் பாத்துக்கலாம்."

வண்டிகளுக்குப் பெயிண்டுக்குப் பதிலாக வண்ண வினைல் ஷீட் ஒட்டும் பட்டறை அக்காவுக்கும் அவள் கணவருக்கும் சொந்தம். கணவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் அவள் எல்லாருக்கும் அக்கா. எட்டு மாதத்துக்கு முன்பு வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கு, கத்தி பிடிக்கும் நேர்த்தியால் ஊசி என்று பெயர் வந்துவிட்டது. சலவைக் கம்பெனியின் வேனுக்கு இரண்டு பக்கமும் ஒட்டியது அவள்தான். சனிக்கிழமை முடித்தாள், திங்கட்கிழமை வண்டி போனது. செவ்வாய்க்கிழமை நெடுஞ்சாலையில் ஷீட் உரிந்து படபடத்துப் பக்கக் கண்ணாடியில் பின்னால் வருவதை மறைக்க, வண்டி சுவரில் மோதி டிரைவரின் மணிக்கட்டு உடைந்தது. யார் தவறு என்று சலவைக் கம்பெனி எழுத்தில் கேட்கிறது.

"போன் வந்தப்ப யார் எடுத்தீங்க?"

"நான்தான். ஷீட் உரிஞ்சு ஆக்சிடென்ட்னு மட்டும் சொன்னாங்க. அவர்கிட்ட சொன்னேன். 'நடு ஷீட்டா?'ன்னு கேட்டார். டிரைவர் எப்படி இருக்கார்னு கூட கேக்கல." அவள் குரல் கசந்தது. "அவ வேலைன்னா ஒவ்வொரு ஷீட்டும் அவருக்கு மனப்பாடம்."

சர்வேயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் பட்டறைச் சாவியை எடுத்துக்கொண்டு போய் மூன்று மணி நேரம் கழித்து வந்ததை மட்டும் அவள் சொல்லவில்லை. சொன்னால் யாரோடு இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டி வரும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவள் செய்த எதையும் நின்று பார்க்காத மனுஷன், ஊசி ஒட்டிய கதவின் முன்னால் கால் கடுக்க நிற்பதை ஆபீஸ் ஜன்னல் வழியாக எத்தனை நாள் பார்த்திருப்பாள். "அந்தப் பொண்ணு கையில என்னமோ இருக்கு," என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். அந்தச் சோறு அவளுக்கு இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

மறுநாள் காலை சர்வேயரும் மச்சானும் பட்டறைக்கு வந்தார்கள். அடிபட்ட வேன் டியூப்லைட்டுகளுக்குக் கீழே நின்றது. வெள்ளிச் சாம்பல் நிறம், பக்கத்துக்கு மூன்று ஷீட். இடது பக்கத்து நடு ஷீட்டின் முன்பாதி கிழிந்துபோயிருந்தது, பின்பாதி இன்னும் ஒட்டியிருந்தது. சர்வேயர் ஷீட்டும் ஷீட்டும் சேரும் நான்கு இணைப்புகளின் மேலும் நகத்தை ஓட்டிப் பார்த்தார். வலது பக்கத்தில் இரண்டு தடவை ஓட்டியும் நகம் எதிலும் தட்டவில்லை.

"எந்தப் பக்கத்திலேருந்து ஒட்டுவேம்மா?"

"பின்னாலேருந்து முன்னால, சார்," என்றாள் ஊசி. கண் வீங்கியிருந்தது. "அப்பதான் முன் ஷீட்டோட ஓரம் பின் ஷீட் மேல உக்காரும். காத்து மேலே வழுக்கிட்டுப் போயிடும். மாத்தி ஒட்டினா காத்து ஓரத்துல நுழைஞ்சு தூக்கிடும்."

"இந்த ஒரு இடத்துல மாறி இருக்கே. முன் ஷீட் ஓரத்து மேல பசை இருக்கு. நடு ஷீட் அது மேல ஏறி இருந்திருக்கு."

"நான் அப்படி ஒட்டல சார். யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

"மறந்திருப்பா," என்றார் மாஸ்டர் தரையைப் பார்த்தபடி.

மச்சான் அதற்குள் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டார். "மாப்ளே, ஷீட்டுக்குப் பின்னாடி இருக்கிற பேப்பர் ஏழு இருக்கு. ஆறுல பேனாவால அம்புக்குறி போட்டிருக்கு. ஒண்ணுல இல்ல."

"அம்பு நான் போடுறது," என்றாள் ஊசி. "இந்த மினுமினுப்பு ஷீட்டைத் தலைகீழா ஒட்டினா வெயில்ல நிறம் வேற மாதிரி தெரியும். அதனால வெட்டும்போதே எது மேல்பக்கம்னு போட்டுடுவேன்."

"சரி, வண்டியை வெளியே தள்ளுங்க," என்றார் சர்வேயர்.

முற்றத்து வெயிலில் எல்லாருமே பார்த்தார்கள். உள்ளே ஒரே நிறமாக இருந்த ஷீட்டுகளில், எஞ்சியிருந்த அந்தப் பாதி மட்டும் ஒரு சாயல் கருத்திருந்தது.

"மூணு இணைப்பைச் சரியா ஒட்டின கை நாலாவதை மறக்காது," என்று ஆரம்பித்தார் சர்வேயர். "இந்த ஷீட்டை ஒட்டினவருக்கு வேற வழி இல்ல. முன் ஷீட் ஏற்கெனவே ஒட்டி இருந்துச்சு. அதைத் தூக்காம நடுவை மட்டும் மாத்தினா, ஓரம் மேலதான் ஏறும். அதாவது, சனிக்கிழமை வேலை முடிஞ்ச பிறகு யாரோ ஊசியோட ஷீட்டை உரிச்சிட்டு வேற ஒட்டியிருக்காங்க. ஏழாவது பேப்பர் அதுதான்."

"டிரைவர்தான் மாத்தியிருப்பார்," என்றார் மச்சான்.

"கதவுக் கைப்பிடிக் குழியைப் பாருங்க மச்சான். ஒரு சுருக்கம் இல்ல. வருஷக்கணக்கா ஒட்டின கை. ஆனா தலைகீழா ஒட்டியிருக்கு. காலமெல்லாம் ஒரே நிறமா இருக்கிற சாதா ஷீட்டை ஒட்டினவங்களுக்கு மேல் கீழ் பாக்கிற பழக்கம் இருக்காது." அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். "போன்ல எந்த ஷீட்டுன்னு யாரும் சொல்லலை. ஆனா நடு ஷீட்டான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். சனிக்கும் திங்களுக்கும் நடுவுல பட்டறைச் சாவி யார் கையில இருந்துச்சும்மா?"

அக்கா மாஸ்டரைப் பார்த்தாள். பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான்தான்," என்றார் மாஸ்டர். "சனிக்கிழமை வேலையைப் பாக்க வந்த சலவைக் கம்பெனிக்காரர் விரலை வச்சுத் தேடினார், இணைப்பு எங்கன்னு கண்டுபிடிக்க முடியல. என் வேலையில யார் தேடினாலும் கிடைக்கும். எப்படி மறைச்சான்னு பாக்கணும்னு ஓரத்தைக் கிளப்பினேன். இழுத்ததுல நீண்டு வீணாப் போச்சு. மிச்சம் இருந்த துண்டை எடுத்து ஒட்டினேன். முன் ஷீட்டையும் எடுத்தா ரெண்டும் போயிடும்னு பயம். ஒட்டிக்கிட்டே கிடக்கும்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அப்புறம் எல்லாரும் அவளைச் சொன்னாங்க. நான் வாயைத் திறக்கல."

அக்காவுக்கு முதலில் வந்தது நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாகத்தான் இருந்திருக்கிறார். கதவின் முன்னால் நின்ற அந்த நிற்பு ஆசை இல்லை, வயிற்றெரிச்சல். தன் வயிற்றில் எரிந்த அதே நெருப்பு, அதே பெண்ணைப் பார்த்து, அதே வீட்டில் எரிந்திருக்கிறது. பக்கத்தில் படுத்துக்கொண்டே இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அடுத்த நொடி ஊசியின் வீங்கிய கண்ணைப் பார்த்தாள். அந்த நிம்மதியே அவமானமாகிவிட்டது.

"கேட்டிருந்தா காட்டியிருப்பேனே மாஸ்டர்," என்றாள் ஊசி.

சர்வேயர் ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி எழுதினார். பட்டறையின் சார்பில் அக்கா அதில் கையெழுத்துப் போட்டாள். மாஸ்டர் டிரைவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார், யாரும் சொல்லாமலே.

"இனிமே நீ இங்க இருப்பியா?" என்று அக்கா கேட்டாள்.

"தெரியலக்கா. ஆனா இந்த வண்டியை இப்படியே விட்டுட்டுப் போக மாட்டேன்."

ஊசி புதுச் சுருளிலிருந்து ஷீட்டை வெட்டினாள், பின்பேப்பரில் அம்பு போட்டாள். பேப்பரை உரிக்க மறுமுனையில் ஒரு ஆள் வேண்டியிருந்தது. சுற்றிலும் பார்த்தாள். மச்சான் ஆர்வமாக ஓர் அடி முன்னால் வந்தார். சர்வேயர் அவர் தோளில் கை வைத்து நிறுத்தினார்.

இருபது வருடம் ஆபீஸுக்குள்ளேயே இருந்த அக்கா வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வந்து மறுமுனையைப் பிடித்தாள். நழுவிவிடுமோ என்று ஷீட்டைத் தன் பக்கமாக விறைப்பாக இழுத்தாள்.

"இழுக்காதீங்கக்கா," என்றாள் ஊசி. "சும்மா பிடிச்சுக்கிட்டாப் போதும்."