இரண்டாவது கன்ட்ரோலர்

டிவியில் சின்ன வீரன் தலையைத் திருப்பினான். அவனை யாரும் ஆட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெயிலுக்காக இழுத்துவிட்ட திரைச்சீலை, சூடேறிய பிளாஸ்டிக் வாசனை, வீடியோ கேம் பெட்டிக்குள் விடாமல் முனகும் காற்றாடி, இவற்றுக்கு நடுவே அண்ணன் மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தான். தம்பி செத்து இரண்டு மாதம். கடைக்குக் கிளம்பும்போது அம்மா, "கடைசி வரைக்கும் அவனோட உக்காந்து ஆடுனியேடா, எந்த அண்ணன் செய்வான்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவனுக்கு.

பெயர்பெற்ற ஒரு மாயாஜால விளையாட்டிலிருந்து கிளைத்த இன்னொரு விளையாட்டு அது. பெரிய வீரன் அண்ணனுக்கு, சின்ன வீரன் தம்பிக்கு. தனியாக ஆட முடியாது. ஒருவன் சங்கிலியை இழுத்துப் பிடித்தால்தான் மற்றவன் கோட்டைக் கதவைத் தாண்டலாம். தம்பிக்கு விரல் நடுங்கும், தோற்றுக்கொண்டே இருப்பான். அதனால் அண்ணன் வயர் செருகாத கன்ட்ரோலரை அவன் கையில் கொடுத்துவிட்டு, சின்ன வீரனை இணையம் வழியாக ஒரு நண்பனைக் கொண்டு ஆட்டுவித்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த வேலை. ஒவ்வொரு கதவுக்கும், "சூப்பர்டா! நீதான் காப்பாத்துன," என்பான். தம்பி வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பான். ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட, "நான் நல்லா ஆடுனேன்லண்ணா?" என்று கேட்டான். அண்ணன் ஆமாம் என்றான். அதை நினைத்தால் இப்போதும் கூசியது.

பாக்கியிருந்த கடைசிக் கதவையாவது அவனுக்காக முடித்துவிடலாம் என்றுதான் இன்று தன் வயரைச் செருகிப் பெட்டியைப் போட்டான். நண்பன் இணையத்தில் இல்லை. தம்பியின் கன்ட்ரோலர் பின்னால் சோபாவில், அவன் உட்காரும் மூலையில், வயர் சுற்றியபடி கிடந்தது.

சின்ன வீரன் நடந்தான்.

முதுகுக்குப் பின்னால் பொத்தான் சத்தம். டிக். டிக். பிறகு மருந்து வாசனை. சோபா மெல்ல அமுங்கியது.

அண்ணன் திரும்பவில்லை. திரும்பிப் பார்க்க முகமில்லை.

பெரிய வீரன் தானாகவே போய்ச் சங்கிலியைப் பிடித்தான். அண்ணன் பொத்தானை அழுத்தினான். அசையவில்லை. மறுபடி. அசையவில்லை. சின்னவன் கதவைத் தாண்டினான். கதவு மூடியது.

அண்ணன் குனிந்து பார்த்தான். அவன் கையிலிருந்த கன்ட்ரோலரின் வயர் முனை அவன் மடியில் கிடந்தது. பெட்டியில் செருகியிருந்த வயர் அவன் தோளை உரசிக்கொண்டு பின்னால் போனது. விறைப்பாக.

காதோரம் ஈர மூச்சு.

"சூப்பர்ணா. நீதான் காப்பாத்துன."

அண்ணன் அழுத்திக்கொண்டே இருந்தான்.